தலை இல்லாத கோழி, உடல் வலைக்கு உள்ளேயே: ரக்கூன் வேலையா?

மே 11, இரவு 9:40 (கேள்வி)

கனடாவின் தென் ஒன்ராறியோ, நகருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் காணி. ஆறு கோழி, இரண்டு வாத்து. கூட்டோடு சேர்ந்த அடைப்பைச் சுற்றிக் கோழி வலை அடித்திருக்கிறோம். கதவுக்குக் கொக்கி. இன்று விடியப் பார்த்தால் ஒரு கோழி வலை ஓரமாகக் கிடக்கிறது. தலை இல்லை, ஒரு கால் பிய்ந்திருக்கிறது, உடல் அப்படியே. வலையில் ஓட்டை ஒன்றும் இல்லை. ரக்கூன் (கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வாலில் வளையம் உள்ள இங்கத்தைய இரவு விலங்கு) குப்பைத் தொட்டி கிண்டுமே தவிரக் கோழி பிடிக்காது என்கிறார் பக்கத்து வளவுக்காரர். ஊரில் மரநாய் வந்தால் இப்படித்தான் கிடக்கும். இங்கே மரநாய் ஏது? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

மே 11, இரவு 10:25

ரக்கூன்தான். பக்கத்து வளவுக்காரர் சொல்வது சரியில்லை.

கோழி இருட்டில் வலையை ஒட்டி ஒண்டிக்கொள்ளும். ரக்கூன் வலைக் கண்ணுக்குள் கையை விட்டு, அகப்பட்டதைப் பிடித்து இழுக்கும். உடல் கண்ணுக்குள் நுழையாது. தலையும் காலும் வெளியே வரும், பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் உடல் உள்ளே, ஓட்டை இல்லை. மரநாய்க்கு இந்தக் கை கிடையாது. ரக்கூனின் முன்பாதத்தில் ஐந்து நீண்ட விரல்கள். தொடுவுணர்வுக்காக அதன் மூளை ஒதுக்கியிருக்கும் பகுதியில் பெரும்பங்கு அந்தக் கைக்கே. பார்க்காமலேயே தடவித் தேடும்.

இன்றிரவே செய்ய வேண்டியது மூன்று. கோழிகளை நாலு பக்கமும் பலகை உள்ள பெட்டிக்குள் அடையுங்கள், அடைப்பில் விடாதீர்கள். கதவுக் கொக்கியில் ஸ்பிரிங் கராபினர் (மலையேறுவோர் கயிற்றில் மாட்டும் வளையக் கொக்கி) ஒன்றை மாட்டுங்கள். செத்த கோழியையும் தீனித் தொட்டியையும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். ஒருமுறை தீனி கிடைத்த இடத்துக்கு அது நாளைக்கும் வரும், நாளை மறுநாளும் வரும்.

மே 12, காலை

நேற்று அவசரத்தில் முடிவை மட்டும் சொன்னேன். தடயம் பார்க்கும் முறையைச் சொல்லவில்லை. எதிரி யார் என்று தெரியாமல் வலை வாங்கினால் காசுதான் போகும்.

ரக்கூன் கூட்டுக்கு உள்ளேயே புகுந்திருந்தால் காட்சி வேறாக இருக்கும். தலை கடித்துத் துண்டிக்கப்பட்டு உடலிலிருந்து தள்ளிக் கிடக்கும். தீனிப்பையும் நெஞ்சும் கிழிந்திருக்கும், சில வேளை குடலையும் தின்றிருக்கும். பக்கத்தில் தண்ணீர் இருந்தால் அதைச் சுற்றிச் சதைத் துணுக்குகள் கிடக்கும். முட்டையைக் கொஞ்சம் தள்ளி எடுத்துப்போய் உடைக்கும் பழக்கமும் உண்டு. ஆகவே கூட்டுக்குள் ஓடு இல்லை என்பதை வைத்து ரக்கூன் வரவில்லை என்று சொல்ல முடியாது.

தலை இல்லை என்றதும் ரக்கூன் என்று முடிவு கட்டவும் கூடாது. பெரிய கொம்பு ஆந்தையும் தலையையும் கழுத்தையும் மட்டும் தின்றுவிட்டுப் போகும். ஆனால் அதற்குக் கூரை திறந்திருக்க வேண்டும். பிடுங்கிய இறகு குவிந்திருக்கும், பக்கத்துக் கம்பத்திலோ வேலியிலோ வெள்ளை எச்சம் வழிந்திருக்கும். மிங்க், வீசல் இரண்டும் கீரி போல் ஒல்லி உடல் கொண்டவை, இரண்டு விரல் அகல இடுக்கில் நுழையும். கழுத்தின் பின்புறம் ஊசிக் குத்துப் போல் பல் தடம், ஒரே இரவில் பல கோழி சாகும், சில வேளை உடல்களை ஓர் இடத்தில் குவித்தும் வைக்கும். செந்நரி முழுக்கோழியையும் தூக்கிக்கொண்டு போகும், மிஞ்சுவது இறகுதான். பெருச்சாளி போல் தெரியும் பை விலங்கான ஒப்போசம் பின்புறத்திலிருந்து தின்னத் தொடங்கும், பெரும்பாலும் ஒரு கோழியோடு நிற்கும். நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க் முட்டையை ஒரு முனையில் திறந்து நக்கும், ஓட்டின் விளிம்பு உள்நோக்கி நசுங்கியிருக்கும். ஊர்நாய் என்றால் பல கோழி கண்டபடி கடிபட்டுக் கிடக்கும், தின்றிருக்காது.

சந்தேகம் தீரவில்லையானால் கூட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மெல்லிய மணலோ மாவோ தூவி வையுங்கள். ரக்கூனின் பின்காலடி 8 முதல் 10 செ.மீ. நீளம், கைக்குழந்தையின் பாதம் போலவே இருக்கும். இடது பின்காலடி வலது முன்காலடியின் பக்கத்தில் விழும், ஜோடி ஜோடியாகத் தடம் போகும். வேறெந்தக் கோழித் திருடனும் அப்படி நடப்பதில்லை.

மே 12, மாலை (கேள்வி கேட்டவர்)

அண்ணா, மணல் தேவைப்படவில்லை. வாத்துத் தொட்டியைச் சுற்றியிருந்த சேற்றிலேயே தடம் இருக்கு. குழந்தைக் கால் மாதிரித்தான். சரி, வலை மாற்றுகிறேன். எந்த வலை, எவ்வளவு? இன்னொன்று, வலையைச் சுற்றி இரண்டடி ஆழம் தோண்டிப் புதைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எங்கட நிலம் முழுக்கக் கல்லு.

மே 13

கோழி வலை கோழியை உள்ளே நிறுத்துவதற்கு ஆனது. அறுகோணக் கண், கம்பியை முறுக்கித்தான் கட்டியிருப்பார்கள், பற்றவைத்ததில்லை. ஒரு முறுக்கு அவிழ்ந்தால் வரிசையாக அவிழும். மண்ணைத் தொடும் இடத்தில் இரண்டு மூன்று பனிக்காலத்தில் துரு தின்றுவிடும். ரக்கூன் அதைக் கையால் கிழிக்கும்.

வாங்க வேண்டியது 'ஹார்டுவேர் கிளாத்' என்று கேட்டால் கொடுக்கும் சதுரக்கண் வலை. கண் அரை அங்குலம், அதாவது 13 மி.மீ. கம்பி 19 கேஜ், ஏறக்குறைய 1 மி.மீ. தடிப்பு. பற்றவைத்த பிறகு துத்தநாகம் பூசியதா என்று கேளுங்கள். முன்பே பூசிப் பிறகு பற்றவைத்தது பற்றிலேயே துருப்பிடிக்கும். ஓர் அங்குலக் கண் மலிவு, ஆனால் அதில் ரக்கூன் குட்டியின் கையும் வீசலின் தலையும் நுழையும்.

வலை நல்லதாக இருந்தும் தோற்பது அதை அடித்த விதத்தால்தான். ஸ்டேப்பிள் துப்பாக்கியால் அடிக்கும் கம்பி ஊசி சில மி.மீ. மட்டுமே மரத்துக்குள் போகும். வலையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று வரும். ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு மர ஸ்க்ரூ, அதற்கு 25 மி.மீ. அகல வாஷர். இல்லாவிட்டால் வலையின் ஓரம் முழுவதையும் ஒரு மரச்சட்டத்தால் மூடி ஸ்க்ரூ போடுங்கள், அது இன்னும் நல்லது, விரல் பிடிக்க ஓரமே இருக்காது. இரண்டு துண்டு சேரும் இடத்தில் 5 செ.மீ.க்குக் குறையாமல் ஒன்றன்மேல் ஒன்று வரவேண்டும், கம்பியால் தைக்க வேண்டும். வலையைச் சட்டத்தின் வெளிப்புறத்தில் அடியுங்கள். வெளியிலிருந்து தள்ளும் அழுத்தத்தைச் சட்டமே தாங்கிக்கொள்ளும்.

கூரை கட்டாயம். சுவர் எத்தனை அடி உயரம் என்பது ரக்கூனுக்குப் பொருட்டில்லை. பின்பாதத்தைத் திருப்பித் தலைகீழாக இறங்கத் தெரிந்த ஏறி அது. காற்றுத் துவாரம், கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கு, குழாய் நுழையும் ஓட்டை எல்லாவற்றுக்கும் இதே வலைதான்.

புதைப்பதைப் பற்றி: கல்லுத் தரையை உடைக்க வேண்டாம். 60 செ.மீ. அகல வலையைச் சுவரின் அடியில் கட்டி வெளிப்பக்கமாகத் தரைமேல் விரியுங்கள். புல் விரிப்புக்கு அடிக்கும் நீள ஆணியால் நெருக்கமாகக் குத்தி விடுங்கள். ஒரு கோடையில் புல் அதன் மேல் மூடிவிடும். தோண்டும் விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டும், பின்வாங்கித் தோண்ட அதற்குத் தோன்றாது.

என்னைக் கேட்டால் காசு குறைவாக இருந்தால் முதலில் தாழ்ப்பாள், பிறகு கூரை, பிறகு பக்கச்சுவர், கடைசியில்தான் தரைவிரிப்பு. ரக்கூன் பெரிய தோண்டி இல்லை. தரைவிரிப்பு அதிகம் உதவுவது நரிக்கும் நாய்க்கும் ஸ்கங்குக்கும் எதிராக. ரக்கூன் தேடுவது தளர்ந்த ஓரம், அதைத் தூக்கிப் பார்க்கும்.

மே 14

தாழ்ப்பாள். 1907-இல் எச்.பி. டேவிஸ் வெளியிட்ட ஆய்வில் ரக்கூன்களுக்கு 13 வகைப் பூட்டுகளை வைத்துப் பார்த்தார். அவற்றில் 11-ஐப் பத்து முயற்சிக்குள் திறந்தன. பூட்டைத் தலைகீழாக மாற்றியும் வரிசையை மாற்றியும் வைத்தபோதும் திறந்தன. நூறு ஆண்டுக்கு முந்தைய இந்த முடிவைப் படித்த பிறகும் கொக்கி வளையத்தை நம்பிக் கோழியைப் பூட்டலாமா?

கொக்கி வளையம் மேலே தூக்கினால் திறக்கும். சுழலும் மரக்கட்டை தட்டினால் திரும்பும். உருளைத் தாழ்ப்பாள் புதிதாக இறுக்கமாக இருக்கும்வரை பரவாயில்லை, தேய்ந்ததும் தடவினாலே நகரும். நிற்பது எது? ஒரே நேரத்தில் இரண்டு வேறு அசைவு தேவைப்படுவது. ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே வெளியே இழுக்க வேண்டிய கராபினர், பட்டைத் தாழ்ப்பாளுக்கு ஊடாக மாட்டியது. அல்லது சாவிப்பூட்டு.

எல்லாரும் மறப்பது முட்டைப் பெட்டியின் மூடி. பின்புறத்தில் கீல் போட்ட மூடிக்குச் செங்கல் பாரம் வைத்து விடுவார்கள். ரக்கூன் 5 முதல் 9 கிலோ எடை உள்ள விலங்கு, செங்கலைத் தள்ளும். அதற்கும் தாழ்ப்பாளும் கராபினரும் வேண்டும். அதைப் போலவே கீழ்க்கதவின் மூலை: மேலே மட்டும் பூட்டிய கதவின் கீழ்மூலையை வளைத்துப் பார்க்கும், கை நுழைந்தால் போதும். உயரமான கதவுக்கு மேலும் கீழுமாக இரண்டு பூட்டு.

மே 14, பின்னிரவு

தானாக மூடும் கதவு பற்றி இருவர் தனியாகக் கேட்டிருந்தார்கள். மேலிருந்து இறங்கும் தகட்டுக் கதவை அடியில் விரல் விட்டுத் தூக்கும். மூடியதும் பக்கவாட்டில் பூட்டிக்கொள்ளும் வகையை வாங்குங்கள். இல்லையானால் அடியில் 3 செ.மீ. ஆழத்துக்கு ஒரு பள்ளம் வைத்துக் கதவின் விளிம்பு அதற்குள் இறங்கும்படி செய்யுங்கள். கதவுப் பாதையில் வைக்கோல் சிக்கினால் இடைவெளி விட்டு நின்றுவிடும், அந்த இடைவெளி போதும் அதற்கு. வெளிச்சம் பார்த்து மூடும் வகை தெருவிளக்கு இருக்கும் இடத்தில் தாமதமாக மூடும். மூடிய பிறகு ஒரு கோழி வெளியே நின்றுபோவதும் நடக்கும். தலை எண்ணாமல் படுக்கப் போகாதீர்கள்.

மே 17

கேள்வி கேட்டவர் வலை அடித்து முடிக்கும்வரை மின்வேலி போடலாமா என்கிறார். போடலாம். வலையோடு சேர்த்தும் போடலாம், இரண்டும் சேர்ந்தால் மிக நல்லது.

இரண்டு கம்பி போதும். தரையிலிருந்து 15 செ.மீ.யில் ஒன்று, 30 செ.மீ.யில் ஒன்று, கூட்டுச் சுவரிலிருந்து 20 செ.மீ. வெளியே. ரக்கூன் மூக்காலும் ஈரக் கையாலும்தான் எதையும் தொட்டுப் பார்க்கும், அதனால் அதிர்ச்சி சரியான இடத்தில் விழும். வேலியின் கடைசி முனையில் சோதித்து 4000 வோல்ட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் முதலில் புல்லைப் பாருங்கள், ஈரப் புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். அடுத்துப் பூமிக்கம்பி. காய்ந்த மணல் நிலத்தில் ஒரே குட்டைக் கம்பி வேலை செய்யாது, 1.8 மீட்டர் நீளக் கம்பியை முழுவதும் இறக்குங்கள், தேவையானால் 3 மீட்டர் தள்ளி இன்னொன்று.

மின்சாரம் போடாத வேலியை ஓரிரவு கூட விட்டுவைக்காதீர்கள். அது ஏறிப் பழகிவிடும். கூட்டின் மேல் தொங்கும் கிளைகளையும் வெட்டுங்கள், வேலியைத் தொடாமலே இறங்க அதுதான் வழி.

மே 19 (இன்னொரு வாசகர்)

இவ்வளவு பாடு ஏன்? கூண்டு வைத்துப் பிடித்து நாற்பது மைல் தள்ளிக் காட்டில் விட்டால் முடிந்தது. அதுவும் பிழைக்கும், கோழியும் பிழைக்கும்.

மே 19, இரவு

இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ரக்கூனை இடம் மாற்றியது இந்தக் கண்டத்தில் பெருங்கேடு செய்திருக்கிறது.

ரக்கூன் வகை வெறிநோய் (ரேபிஸ்) 1940-களில் புளோரிடாவில் தெரிய வந்தது. பல ஆண்டு தென்கிழக்கு மாநிலங்களோடு நின்றிருந்தது. வேட்டைக்காகத் தெற்கிலிருந்து ரக்கூன்களை லாரியில் ஏற்றி வடக்கே கொண்டுபோய் விட்டார்கள். 1970-களின் பிற்பகுதியில் வெர்ஜீனியா, மேற்கு வெர்ஜீனியா எல்லையில் நோய் வெடித்தது. பிறகு கிழக்குக் கரை முழுவதும் ஏறியது. 1999-இல் ஒன்ராறியோவுக்கு வந்தது, தடுப்பூசி இரைகளைப் போட்டு 2005-க்குள் ஒழித்தார்கள். 2015 டிசம்பரில் ஹாமில்டனில் மறுபடி கண்டார்கள். அதை அடக்க எத்தனை ஆண்டு விமானத்திலிருந்து இரை தூவ வேண்டியிருந்தது!

ஆகவேதான் ஒன்ராறியோ சட்டம் பிடித்த விலங்கை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கி.மீ.க்குள் விடச் சொல்கிறது. ஒரு கி.மீ. ரக்கூனுக்கு ஓரிரவு நடை. அதாவது இடமாற்றம் உங்களுக்குத் தீர்வே இல்லை. சொத்தைக் காக்கக் கொல்வதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் துப்பாக்கி, பொறி பற்றி உங்கள் ஊராட்சிக்குத் தனி விதி இருக்கும், கேட்காமல் இறங்காதீர்கள். கொன்றாலும் கூடு திறந்திருந்தால் அடுத்த ரக்கூன் அந்த இடத்துக்கு வந்துவிடும்.

இந்த மாதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. குட்டி போடுவது ஏப்ரல், மே. 63 முதல் 65 நாள் சினை, வழக்கமாக 3 முதல் 5 குட்டி. இப்போது உங்கள் கூட்டுக்கு வருவது பால் கொடுக்கும் தாயாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அதைப் பிடித்துக்கொண்டு போனால் குட்டிகள் யாரோ ஒருவர் வீட்டுக் கூரைக்குள் பட்டினியில் சாகும். ஜூலையில் அந்தக் குட்டிகள் தாயோடு சேர்ந்து நடக்கத் தொடங்கும். அதற்குள் கூடு இறுகியிருந்தால் ஒரு குடும்பம் முழுவதும் உங்கள் கோழியின் ருசி தெரியாமலே வளரும். வலைக்குக் கெடு அதுதான்.

மே 20

ஒரு சேர்க்கை. பால் கொடுக்கும் தாய் பகலிலும் இரை தேடும். பகலில் ரக்கூனைக் கண்டதும் வெறிநோய் என்று பதற வேண்டாம். தள்ளாடினால், பின்கால் இழுத்தால், மனிதரைக் கண்டும் விலகாமல் நின்றால் ஆபத்து. நாய் டிஸ்டெம்பர் நோயிலும் இதே அறிகுறிகள் வரும், பார்வைக்குப் பிரிக்க முடியாது. இரண்டிலும் கிட்டப் போகாதீர்கள், விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவைக் கூப்பிடுங்கள்.

மே 23

ரக்கூனை விரட்டப் பலர் சொல்வது: வானொலி, மினுக்கும் விளக்கு, தலைமுடி, அமோனியா, பாச்சை உருண்டை. ஐந்தும் வேண்டாம். பாச்சை உருண்டையை வெளியில் போடுவது கோழிக்கும் மண்ணுக்கும் நஞ்சு. அசைவைக் கண்டு தண்ணீர் பீய்ச்சும் கருவி சில இரவு வேலை செய்யும், பிறகு பழகிவிடும்.

நாய்? இதில் ஆய்வே இருக்கிறது. கனடாவின் மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவின் வளைகுடாத் தீவுகளில் கடற்கரையில் நண்டு பொறுக்கும் ரக்கூன்களுக்கு ஒரு மாதம் நாய் குரைப்பை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள். 2016-இல் வெளியான முடிவின்படி அவை இரை தேடும் நேரம் 66 சதவீதம் குறைந்தது. கரையில் நண்டும் சிறுமீனும் பெருகின. ஓநாயும் மலைச்சிங்கமும் இல்லாமல் போன தீவுகள் அவை, அச்சம் திரும்பியதும் கடற்கரையே மாறியது. ஆனால் கயோட்டி (ஓநாயின் சிறிய உறவு) இருந்தால் ரக்கூன் குறையும் என்று சிலர் எழுதுவதை அப்படியே எடுக்காதீர்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரேடியோப் பட்டை மாட்டிச் செய்த ஆய்வில் கயோட்டி ரக்கூனின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. இரவில் வெளியே படுக்கும் உயிருள்ள நாய் உதவும். வீட்டுக்குள் தூங்கும் நாய் உதவாது.

மே 28 (கேள்வி கேட்டவர்)

அண்ணா, வலை அடித்தாச்சு, வாஷரோடு. பத்து நாளாகத் தடம் மட்டும் இருக்கு, கோழி பத்திரம். எங்கட காணிக்குப் பின்னால் சதுப்பு. கூட்டுக்கு வராதது இப்ப அங்கே போய் ஆமை முட்டையைத் தோண்டுது போல. மூன்று குழி, சுற்றிச் சுருண்ட தோல் மாதிரி ஓடு. நான் கோழியைக் காப்பாற்றி ஆமையைக் கொடுத்துவிட்டேனா?

மே 28, இரவு

இல்லை. உங்கள் கோழி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அங்கே போகும். ஆமை முட்டையிடும் காலம் அதற்குத் தெரியும். மே கடைசி, ஜூன் முழுவதும். கலைந்த மண்ணையும் வாசத்தையும் வைத்துத் தேடும். பறிபோகும் கூடுகளில் பெரும்பகுதி முதல் ஓரிரு இரவிலேயே போகும். அந்த இரவுகளைத் தாண்டினால் பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

ஆகவே பாதுகாப்பு வைப்பதென்றால் முட்டையிட்ட அன்று மாலையே. 60 செ.மீ. சதுரம், 20 செ.மீ. உயரத்துக்கு அடியில்லாத மரச்சட்டம். மேலே அதே 13 மி.மீ. வலை. குஞ்சு வெளியேற எதிரெதிர் பக்கத்தில் தரையை ஒட்டி 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரத்துக்கு வெட்டு. கூடு நட்டநடுவில் இருக்க வேண்டும், வெட்டு வழியாகக் கை விட்டால் எட்டக் கூடாது. மூலைகளை நீளக் கம்பியால் தரையோடு அடித்து, மேலே கல் வையுங்கள். வலை மேல் பாயோ பலகையோ போட்டு நிழல் செய்யாதீர்கள். மண்ணின் சூடுதான் இந்த ஆமைகள் பலவற்றில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. வண்ண ஆமைக் குஞ்சு பனிக்காலம் முழுவதும் கூட்டிலேயே கிடந்து வசந்தத்தில்தான் வெளிவரலாம், செப்டம்பரில் அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்காதீர்கள். ஆபத்துப் பட்டியலில் உள்ள இனத்தின் கூடு என்றால் தொடும்முன் மாகாணச் சுற்றுச்சூழல் அமைச்சைக் கேளுங்கள்.

முட்டையை விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. முட்டையிடக் கரையேறும் தாயையே கொல்வது. நியூயார்க்கின் ஜமைக்கா விரிகுடாவில் வைரமுதுகு ஆமைக்கு இதுதான் நடந்தது. அங்கே 1980-களுக்குப் பிறகுதான் ரக்கூன் பெருகியது. 2003-இல் வெளியான கணக்கில் கண்காணித்த கூடுகளில் 92 சதவீதம் பறிபோயிருந்தது. தாயாமையைப் புரட்டி, காலிடுக்கில் கை விட்டு முட்டையை இழுக்கும். ஆமை பருவம் அடையவே பல ஆண்டு ஆகும். ஒரு தாய் போனால் பல பத்து ஆண்டு முட்டைகள் அதோடு போகின்றன. கோழிக்குஞ்சை அடுத்த வாரமே வாங்கிவிடலாம்.

மே 30

புளோரிடாவின் கானவரல் கடற்கரையில் காப்பு வேலை தொடங்குவதற்கு முன் சில ஆண்டுகளில் கடலாமைக் கூடுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ரக்கூன் தோண்டியது. அங்கே வைக்கும் வலை நாம் மேலே சொன்னதற்கு நேர்மாறு: 1.2 மீட்டர் சதுரம், கண் 5-க்கு 10 செ.மீ., மணலில் தட்டையாகப் பரப்பி மூலையில் முளை அடிப்பார்கள். கடலாமைக் குஞ்சு நேரே மேலே வரும், பெரிய கண் வழியாக வெளியேறும். ரக்கூனோ வலையின் நடுவை நேர்கீழாகத் தோண்ட முடியாது, ஓரத்திலிருந்து சுரங்கம் போடவும் தூரம் அதிகம். எஃகுக் கூண்டு கூட்டைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை மாற்றுகிறது என்று 2004-இல் அளந்து காட்டினார்கள். குஞ்சு திசை அறிய அந்தப் புலமும் உதவுகிறது, ஆகவே பிளாஸ்டிக் வலைக்கு மாறிய இடங்கள் உண்டு.

ரக்கூனைக் கொன்றால் ஆமை பிழைக்கும் என்ற கணக்கும் எப்போதும் சரியாக வருவதில்லை. புளோரிடாவிலேயே ரக்கூன் மிகவும் குறைந்த கடற்கரைகளில் பேய் நண்டு பெருகியது. ஆமை முட்டையை நண்டும் தின்னும். நண்டைத் தின்றுவந்தது ரக்கூன். 2008-இல் வந்த அந்த ஆய்வைப் படிக்காமல் யாரும் அழிப்புத் திட்டம் போடக் கூடாது என்பது என் கருத்து.

ஜூன் 2

ஆனால் அதற்கு ஒரு விலக்கு: தீவுகள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஹைடா குவாய் தீவுக்கூட்டத்தில் 1940-களில் உரோமத் தொழிலுக்காக ரக்கூனைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் அங்கே அது இல்லை. மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடும் கடற்பறவைகள் தரையில் வரும் இரைகொல்லியையே அறியாதவை. தொன்மை மர்ரலட், காண்டாமிருக ஆக்லட், காசின் ஆக்லட். வளைக்குள் கையை விட்டால் தாயும் முட்டையும் ஒன்றாகக் கிடைக்கும், ஓடத் தெரியாது. ஹெல்கசன் தீவில் அந்தப் பறவைகள் முற்றிலும் போய்விட்டன. பல நூறு மீட்டர் நீரிடைவெளியை ரக்கூன் நீந்திக் கடக்கிறது, பெருந்தீவுக்கு அருகிலுள்ள பறவைத் தீவுகள் எல்லாமே எட்டும் தூரம்தான். கிழக்கு லைம்ஸ்டோன் தீவில் கண்காணிப்புக் கேமரா வைத்து, ஒன்று ஏறினாலும் தேடி அகற்றுகிறார்கள். அங்கே ஆயிரக்கணக்கான வளைகளுக்கும் வலை அடிக்க முடியாது. அகற்றுவதைத் தவிர வழியில்லை. இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

ஜூன் 5 (வாசகர், ஹெஸ்ஸன், ஜெர்மனி)

எங்கள் பக்கத்து நிலையும் இதுதான். 1934-இல் ஏடர் ஏரிக்கரையில் இரண்டு ஜோடி விட்டார்கள், போர் முடியும் காலத்தில் பெர்லினுக்குக் கிழக்கே ஒரு வளர்ப்புப் பண்ணையிலிருந்தும் தப்பின. இப்போது காசல் நகரத்தில் வீட்டுக் கூரைகளிலேயே குடியிருக்கிறது. 2016 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் இருக்கிறது. வசந்தத்தில் குட்டைக்கரையில் தேரையின் தோல் மட்டும் உரித்துப் போட்டிருக்கும். தோலில் நஞ்சு, உள்ளே சதை, அதற்குத் தெரிகிறது. மஞ்சள்வயிற்றுத் தேரைக் குட்டைகளுக்கு என்ன செய்யலாம்?

ஜூன் 6

குட்டை சிறியதென்றால் மேலே சொன்ன இரண்டு கம்பி மின்வேலியே, தேரை கீழே நுழையும்படி கீழ்க்கம்பி 15 செ.மீ.க்கு இறங்காமல். முட்டையிடும் கூட்டம் கூடும் சில வாரத்துக்கு மட்டும் போதும். நீர் ஓரம் செங்குத்தாக இருந்தால் ரக்கூனுக்கு நின்று தடவ இடம் இல்லை. கரையின் ஒரு பகுதியையாவது அப்படி வெட்டலாம். ஜப்பானிலும் இதே தொல்லை: வளர்ப்புக்காக இறக்குமதி செய்து விட்டவை சலமாண்டர்களை (பல்லி உருவத்து நீர்நில உயிரி) தின்கின்றன.

ஜூன் 9

மரப்பொந்தில் முட்டையிடும் மரவாத்துக்குப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு. மரத்தில் ஆணியடித்த பெட்டி ரக்கூனுக்கு வைத்த தட்டு. வழுக்கும் உலோகக் கம்பத்தில் வையுங்கள், பெட்டிக்குக் கீழே 90 செ.மீ. விட்டமுள்ள தகட்டுக் கூம்பு, வாய் கீழ்நோக்கி. கூம்புக்கும் கம்பத்துக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. பக்கத்துக் கிளையிலிருந்து தாவ முடியாதபடி இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். குளம் உறைந்து நீர்மட்டம் ஏறினால் கூம்பின் உயரம் குறைந்துபோகும், ஒவ்வொரு வசந்தமும் அளந்து பாருங்கள்.

ஜூன் 14

இழை நீண்டுவிட்டதால் ரக்கூன் எந்நேரமும் பறவை கொல்லும் விலங்கு என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. அதன் வயிற்றில் பெரும்பகுதி நன்னீர் இறால் வகை, மண்புழு, பூச்சி, பழம், ஓக் கொட்டை, சோளம். பறவையும் முட்டையும் சிறுபங்கு. தீங்கு வருவது எண்ணிக்கையால். காட்டில் சதுர கி.மீ.க்குச் சில மட்டுமே இருக்கும் இடங்கள் உண்டு, நகரப் பூங்காக்களில் நூற்றையும் தாண்டுகிறது. அந்தக் கூட்டத்தை வளர்ப்பது பூனைக்கு வெளியில் வைத்த தீனியும் திறந்த உரக்குழியும். ஆமைக் கூட்டைக் காக்க நினைப்பவர் முதலில் வீட்டுப் பின்புறத்துத் தட்டை எடுக்க வேண்டும். கோழித் தீனி இறுக்கமான மூடியுள்ள உலோகப் பீப்பாயில், மாலையில் தொட்டி காலி.

ஜூன் 20

கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார்: விறகு அடுக்கின் மேல் ஒரே இடத்தில் குவிந்த எச்சம். ரக்கூன் கழிப்பிடம் அது. வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளை விடாதீர்கள். அதில் பேலிசாஸ்காரிஸ் உருண்டைப்புழுவின் முட்டை இருக்கும். மனிதரின் உடலுக்குள் போனால் அதன் குடம்பி (இளம்புழு) மூளைக்கும் கண்ணுக்கும் ஏறலாம். எச்சம் விழுந்து 2 முதல் 4 வாரத்தில்தான் முட்டை தொற்றும் நிலைக்கு வரும், ஆகவே புதிதாக இருக்கும்போதே அள்ளுவது நல்லது. பழையதென்றால் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். பிளீச்சிங் கரைசல் அதைக் கொல்லாது. கொதிக்கும் தண்ணீர் கொல்லும், நெருப்பு கொல்லும்.

கையுறை, என்95 முகக்கவசம், ரப்பர் காலணி. தூசி கிளம்பாமல் முதலில் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். மண்வெட்டியால் அள்ளி இரட்டைப் பையில் கட்டி, நகராட்சி குப்பையில் ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டுப் போடுங்கள். அந்த மேல் விறகை எரிக்கும்முன் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மண்வெட்டியையும் காலணியின் அடியையும் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். கோழி கிளறும் இடத்தில் கழிப்பிடம் இருந்தால் அந்த மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிடுங்கள்.

2022 முதல் வட அமெரிக்காவில் பறவைக் காய்ச்சல் ரக்கூன்களிலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வாத்துத் தொட்டி இரவில் கவிழ்த்து வைக்கப்பட வேண்டும், காலையில் புதுத் தண்ணீர். செத்த காட்டுப்பறவை வளவில் கிடந்தால் அன்றே அகற்றுங்கள்.

ஜூன் 21 (கேள்வி கேட்டவர்)

மேல் அடுக்கு விறகை எடுத்தாச்சு. தொட்டியைக் கவிழ்க்கிறேன். முட்டைப் பெட்டி மூடிக்குக் கராபினர் இன்றைக்குத்தான் போட்டேன், நேற்றிரவு செங்கல் கீழே கிடந்தது. முட்டை மூன்று காணவில்லை, கோழி எல்லாம் இருக்கு.

ஜூன் 21, இரவு

கராபினர் மாட்டிய பட்டைத் தாழ்ப்பாளின் ஸ்க்ரூ நீளத்தைப் பாருங்கள். கடையில் அதோடு வருவது 12 மி.மீ. இருக்கும். 30 மி.மீ.க்கு மாற்றுங்கள், பலகை மெல்லியதென்றால் உள்பக்கம் நட்டு போட்ட போல்ட். அது அடுத்து இழுத்துப் பார்க்கப் போவது தாழ்ப்பாளை.